தலையில் அடிபட்ட மாணவர் மீண்டும் எப்போது களமிறங்கலாம்? பள்ளி விளையாட்டில் கன்கஷன்: முழுமையான வழிகாட்டி

விழுந்து எழுந்த பிள்ளையிடம் நாம் எல்லோரும் முதலில் கேட்பது, "என்னடா, ஆட முடியுமா?" என்பதுதான். முட்டியில் சிராய்ப்பு, கணுக்காலில் சுளுக்கு என்றால் அப்படிக் கேட்பதில் தவறில்லை. எவ்வளவு வலிக்கிறது, கால் ஊன்ற முடிகிறதா என்று பிள்ளையே யோசித்துச் சொல்லிவிடும். தலையில் அடி விழுந்து மூளை குலுங்கினால் (அதைத்தான் கன்கஷன் என்கிறோம்) அப்படி இல்லை. யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலேயே அடி விழுந்திருக்கிறது. "முடியும் சார்" என்று அது சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் இருக்கும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்ததுதான்.

சென்னைப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராகவும் மிஸ்ஸாகவும் வேலை பார்ப்பவர்கள், சனி ஞாயிறில் டர்ஃபிலும் அகாடமியிலும் பயிற்சி கொடுப்பவர்கள், மைதான ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருக்கும் அம்மா அப்பாக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பள்ளி விளையாட்டு மைதானத்தில் பல வருடம் விசில் ஊதியவன் நான். டாக்டர் அல்ல. டாக்டரிடம் போகும்வரையிலும், போய் வந்த பிறகும் நம் கையில் இருக்கும் வேலை என்ன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கெட்டித் தயிரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறீர்கள். சடன் பிரேக். வாளிக்கு ஒரு நெளிசல்கூட இருக்காது, உள்ளே தயிர் உடைந்திருக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் தலையில் நேராக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. கபடியில் ஓடி வருகிறவனை நெஞ்சில் டாஷ் அடித்துத் தூக்கி எறிந்தாலே கழுத்து வெட்டி இழுத்து மூளை குலுங்கிவிடும்.

குலுங்கிய நரம்பு செல்களில் உப்புச் சமநிலை குலைகிறது. பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. இதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட நிறைய சக்தி வேண்டும். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை கூடி வரத்து குறையும் இந்த நாட்களில் இன்னொரு அடி விழுந்தால் பாதிப்பு பல மடங்காகும். அரிதாக, வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது.

கனடாவின் ஒட்டாவாவில் 2013 மே மாதம் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவி, ரக்பி அணியின் கேப்டன், இப்படித்தான் இறந்தாள். சில நாள் இடைவெளிக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி. தனக்குக் கன்கஷன் இருக்கலாம் என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. தோழிகளுக்கு மெசேஜும் அனுப்பியிருந்தாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. அதன் பிறகுதான் ஒன்டாரியோ மாகாணம் 2018-ல் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது.

படி 1: மேட்சுக்கு முன்பே முடிவெடுங்கள்

கபடியில் ஸ்கோர் 28-27 என்று இருக்கும்போது நல்ல ரைடரை (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவரை) வெளியே உட்கார வைக்க எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் தப்பான முடிவுதான் வரும். ஆகவே சீசன் தொடங்கும்போதே மூன்று விஷயங்களைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சர்க்குலராக அனுப்பிவிடுங்கள்.

தலையில் அடிபட்டுச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி ஆடாது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் மோதல் உள்ள பயிற்சிக்கோ போட்டிக்கோ திரும்பாது. இதைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்று பெற்றோரும் மாணவரும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009-ல் கொண்டுவந்த சட்டத்தின் சாரமும் இந்த மூன்றேதான். 13 வயதில் அடிபட்ட பிறகும் திரும்ப ஆட விடப்பட்டு, வாழ்நாள் பாதிப்போடு பிழைத்த ஸாக்கரி லிஸ்டெட் என்ற சிறுவனின் பெயரில் வந்தது அது. 2014-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. ஒரு பள்ளி தனக்குத் தானே இந்த விதியைப் போட்டுக்கொள்ள எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்னொன்று, "வெளியே எடு" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதும் அன்றே எழுத்தில் இருக்கட்டும். அணியின் கோச்சாக இல்லாத ஒருவர் என்றால் ரொம்ப நல்லது. வேறு வகுப்பு ஆசிரியர், பள்ளி நர்ஸ், ஏன், ஸ்கோர் எழுதுகிறவராகக்கூட இருக்கலாம். ஜெயிப்பதில் அக்கறை இல்லாத ஒரு ஜோடிக் கண்கள் மைதானத்தில் வேண்டும்.

படி 2: கண்டுபிடியுங்கள், வெளியே எடுங்கள்

நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நினைவு தப்புவதே இல்லை. எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், ஓடவும் செய்வார்கள். கண்டுபிடிப்பது சிரமமாவது அதனால்தான்.

ஒரு கபடி மேட்ச். குறுவட்டப் போட்டி. போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பிய ரைடரை லெஃப்ட் கார்னரில் (தடுக்கும் வரிசையின் இடது ஓரத்தில்) நின்ற பையன் காலில் பிடித்தான். ரைடர் விழுந்தபோது ரைடரின் முட்டி அந்தக் கார்னர் பையனின் நெற்றிப் பொட்டில் இடித்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவுட் கொடுத்தார்கள், அணி கத்தியது. அந்தக் கார்னர் பையன் எழுந்து டிராயரில் மண்ணைத் தட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போகாமல் ரைட் கார்னரில் போய் நின்றான். பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தான். அதற்கும் அவன் சிரித்தான். அடுத்த ரெய்டில் ரைடரைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, மயக்கம் இல்லை. இருந்தும் அடையாளம் அத்தனையும் அங்கே இருந்தது. இடம் தெரியவில்லை, எதற்கென்று தெரியாத சிரிப்பு, பார்வை நிலைக்கவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இப்படிப்பட்டவைதான். விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடப்பது, எழும்போது தள்ளாடுவது, தலையைப் பிடித்துக்கொள்வது, வெறித்துப் பார்ப்பது, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, காரணமில்லாமல் அழுவது அல்லது எரிந்து விழுவது. பிள்ளை வாயால் சொல்லக்கூடியவை வேறு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் மங்கல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை. எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது, "ஒரு மாதிரியா இருக்கு சார்" என்ற ஒரே வரி. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கன்கஷன் வந்த பிள்ளைக்குத் தன் நிலையைச் சொல்ல இதைவிட நல்ல வார்த்தை கிடைப்பதில்லை.

சந்தேகம் வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். இது எந்த கிரவுண்ட்? இப்போது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசி பாயிண்ட் யார் எடுத்தது? போன மேட்ச் யாரோடு ஆடினோம்? அதில் ஜெயித்தோமா? ஒன்று தப்பானாலும் கன்கஷன் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்தும் சரியாகச் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. அந்தக் கேள்விகள் வெளியே அனுப்புவதற்கு மட்டும்தான். உள்ளே அனுப்புவதற்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

கன்கஷன் ரெகக்னிஷன் டூல் 6 என்ற அடையாளம் காணும் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டாக்டர் அல்லாதவர்களுக்காகவே உருவாக்கியது. பிரிண்ட் எடுத்து ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வேறு இரண்டு பரிசோதனைத் தாள்களும் உண்டு: ஸ்கேட் 6 என்பது 13 வயது முதல் மேலே உள்ளவர்களுக்கும், சைல்டு ஸ்கேட் 6 என்பது 8 முதல் 12 வயது வரைக்கும். அவை இரண்டும் மருத்துவர்கள் பயன்படுத்த வேண்டியவை. நாம் கையில் எடுக்கக் கூடாது.

சென்னைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. மதியம் மூன்று மணி வெயிலில் தலைசுற்றினால் "தண்ணி குடிக்கல, வெயில் அடிச்சிருச்சு" என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து நிழலில் உட்கார வைத்து, பத்து நிமிடத்தில் திரும்ப இறக்கிவிடுவோம். தலையில் இடித்ததை யாராவது ஒருவர் பார்த்திருந்தாலும் வெயிலைக் காரணம் சொல்லக் கூடாது. தண்ணீர் கொடுங்கள், நிழலில் உட்கார வையுங்கள், ஆனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

அறிகுறி உடனே வர வேண்டும் என்றும் இல்லை. சில மணி நேரம் கழித்து, மறுநாள்கூட வரலாம். 2020 டிசம்பர் 4-ஆம் தேதி கான்பெராவில் டி20 ஆட்டத்தில் ரவீந்திர ஜடேஜாவுக்குக் கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் பந்து பட்டது. தொடர்ந்து ஆடி இன்னிங்ஸை முடித்தார். இடைவேளையில்தான் தலைசுற்றல். ஃபீல்டிங்குக்கு அவர் வரவில்லை. கன்கஷன் சப்ஸ்டிட்யூட்டாக, அதாவது அவருக்குப் பதில் ஆளாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. என் மாணவர்களிடம் நான் அதன் மறுபக்கத்தைச் சொல்வேன். இந்திய அணிக்கே ஆடுகிறவர் தலைசுற்றலை மறைக்காமல் சொன்னார், மிச்ச டி20 ஆட்டங்களில் அவர் ஆடவில்லை, அதே மாதக் கடைசியில் மெல்போர்ன் டெஸ்ட்டில் ஆடினார்.

படி 3: 108-ஐ அழைக்க வேண்டிய அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

- கழுத்தில் வலி, தொட்டால் நோவு
- வலிப்பு
- நினைவு தப்புதல், ஒரு விநாடி என்றாலும்
- திரும்பத் திரும்ப வாந்தி
- கூடிக்கொண்டே போகும் தலைவலி
- இரட்டையாகத் தெரிதல், பார்வை போதல்
- கை கால்களில் பலமின்மை, மரத்துப்போதல், எரிச்சல்
- நேரம் போகப் போகக் குழப்பம் அதிகமாதல், தூக்கம் அழுத்துதல், எழுப்ப முடியாமை
- படபடப்பு, அடிக்க வருவது போன்ற ஆவேசம்
- மண்டை ஓட்டில் பள்ளம் அல்லது உருமாற்றம், காது மூக்கில் தெளிந்த நீரோ ரத்தமோ வருதல்

நினைவில்லாமல் கிடந்தால் அசைக்காதீர்கள். கழுத்தெலும்பில் அடி இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மூச்சு இல்லை என்றால் கழுத்தைப் பற்றி யோசிக்காமல் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) தொடங்க வேண்டும். கிரிக்கெட் ஹெல்மெட்டைப் பயிற்சி இல்லாதவர்கள் கழற்றக் கூடாது. முகத்தில் தண்ணீர் அடிப்பது, உட்கார வைத்துத் தலையை உலுக்குவது, வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது எதுவும் வேண்டாம்.

பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதை நம் ஊரில் அடிக்கடி பார்க்கிறோம். அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் கழுத்து தொங்கித் தொங்கி ஆடும், வழியில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போகும். 108 வரட்டும். மைதானத்துக்குள் வண்டி எந்த வாசல் வழியாக வரும், அந்த கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மேட்ச் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருக்க, உள்ளே வாட்ச்மேனைத் தேடி ஓடுவது போன்ற கொடுமை வேறில்லை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் எந்த நேரமும் அவசரப் பிரிவு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. அடிபட்டதும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மயங்குவது மூளைக்கு வெளியே ரத்தம் கட்டுவதன் அடையாளமாக இருக்கலாம். இந்திய கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்றபோது பந்து நெற்றியில் பட்டது. முதலில் பெரிய அடியாகத் தெரியவில்லை. உள்ளே ரத்தக்கசிவு, கோமா, மரணம். "நடந்து போனானே, பேசினானே" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 4: முதல் 48 மணி நேரம்

ஆபத்து அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பஸ்ஸில் ஏற்றிவிட்டு "பார்த்துப் போடா" என்பது போதாது. அம்மாவோ அப்பாவோ வந்து கூட்டிப் போகட்டும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னான் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு அந்தச் சீட்டு நூறு கேள்விக்குப் பதில்.

முதல் 24 மணி நேரமாவது வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். "தூங்க விடாதே, தூங்கினா எழுந்திருக்க மாட்டான்" என்று பாட்டிகள் பதறுவார்கள். டாக்டர் பார்த்து, ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகு தூங்க விடுங்கள். மூளை தேறுவதற்குத் தூக்கம் நல்லது. இரவில் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் எழுப்புங்கள். டாக்டர் பார்க்கும் முன்பே, வழக்கமில்லாத நேரத்தில் தூக்கம் அமுக்கினால் அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அடையாளம்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம், ரத்தக்கசிவு இருந்தால் அதிகமாகும். தைலம் தடவுவதால் கெடுதல் இல்லை, ஆனால் "தைலம் தடவினேன், சரியாயிடுச்சு" என்று டாக்டரைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

இருட்டறையில் நாள் கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது யாரும் சொல்வதில்லை. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் உலக நிபுணர்கள் கூடி, 2023-ல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. வீட்டுக்குள் நடப்பது, சாப்பிடுவது, லேசாகப் பேசுவது எல்லாம் உண்டு. செல்போன், டிவி, கேம் ஆகியவற்றை இந்த இரண்டு நாளும் முடிந்தவரை குறைத்துவிடுங்கள். சீக்கிரம் தேறுவதற்கு இது உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினைந்து வயதுப் பையனிடமிருந்து போனை வாங்குவது எவ்வளவு பெரிய போர் என்று எனக்குத் தெரியும். "இரண்டே நாள்" என்று கணக்குச் சொல்லி வாங்குங்கள், கொடுப்பான். இரண்டு நாளைக்குப் பிறகு மெல்ல மெல்ல நடமாட்டத்தைக் கூட்டுவதுதான் மருந்து. டாக்டர் அனுமதிக்கும்வரை சைக்கிளும் ஸ்கூட்டரும் வேண்டாம்.

படி 5: ஸ்கேன் பற்றி

"சி.டி. எடுத்தாச்சு, நார்மல். நாளைக்கு மேட்ச் ஆடலாமா சார்?" என்று கேட்காத பெற்றோர் அபூர்வம். சி.டி. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும். கன்கஷன் அதில் தெரியாது. நார்மல் என்றால் உயிருக்கு ஆபத்தான ரத்தக்கட்டு இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதே நேரத்தில், அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் சி.டி. தேவையும் இல்லை. கதிர்வீச்சு வளரும் பிள்ளைகளுக்கு நல்லதல்ல. "சில மணி நேரம் இங்கேயே வைத்துக் கவனிப்போம்" என்று டாக்டர் சொன்னால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று சண்டை போடாதீர்கள். அதுதான் சரியான மருத்துவமாக இருக்கும்.

படி 6: முதலில் வகுப்பறை, பிறகு மைதானம்

முழு நாள் வகுப்பில் உட்கார முடியாத பிள்ளை முழு ஆட்டம் ஆடக் கூடாது. இந்த வரிசை மாறவே கூடாது.

வீட்டில் முதலில் ஐந்து, பத்து நிமிடம் படிக்கட்டும். தலைவலி அதிகமாகவில்லை என்றால் அரை மணி நேரமாகக் கூட்டலாம். பிறகு அரை நாள் பள்ளி. பிறகு முழு நாள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களிலேயே வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்வது அவசியமும் இல்லை, நல்லதும் இல்லை. ஆனால் திரும்பிய பிள்ளைக்குச் சில சலுகைகள் தேவை, அதை வகுப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டியது பி.டி. ஆசிரியரின் வேலை. இப்படி ஒரு குறிப்பு போதும்:

"இந்த மாணவருக்குத் தலையில் அடிபட்டு கன்கஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியே காயம் தெரியாது. இரண்டு வாரத்துக்கு, தலைவலி வந்தால் வகுப்பை விட்டு எழுந்து ஓய்வறைக்குப் போக அனுமதியுங்கள். ஸ்மார்ட் போர்டுக்கு நேர் எதிரிலும் ஜன்னல் வெயிலிலும் உட்கார வைக்க வேண்டாம். டெஸ்ட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் அல்லது தள்ளி வையுங்கள். பி.டி. பீரியடில் ஓட விட வேண்டாம். மறதியும் எரிச்சலும் இருக்கலாம், அது சோம்பேறித்தனம் அல்ல."

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் விஷயத்தில்தான் சிக்கல். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன், இரவு ஸ்டடி என்று நாள் முழுக்க மூளைக்கு வேலை. பள்ளி சலுகை கொடுத்தாலும் டியூஷன் சென்டர் கொடுக்காது. பெற்றோரே அங்கே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முதல் வாரம் டியூஷனை நிறுத்திவிடுவது என் யோசனை. ஒரு வாரப் பாடத்தைப் பிறகு பிடித்துவிடலாம். தலைவலியோடு உட்கார்ந்து படித்த பாடம் மனதில் ஏறப் போவதும் இல்லை.

படி 7: மைதானத்துக்கு ஆறு நிலைகள்

ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 24 மணி நேரம். அவசரப்பட்டு இரண்டை ஒரே நாளில் முடிக்கக் கூடாது.

முதல் நிலை, அன்றாட வேலைகள். நடப்பது, வீட்டு வேலை.

இரண்டாவது நிலை, உடற்பயிற்சி. இதில் லேசானது, மிதமானது என்று இரண்டு பகுதி. லேசானதில் இதயத்துடிப்பு அதிகபட்சத்தின் 55 சதவீதம் வரை, மிதமானதில் 70 சதவீதம் வரை போகலாம். அதிகபட்சம் என்பது 220-லிருந்து வயதைக் கழித்தால் வரும் தோராயமான எண். 15 வயதுப் பிள்ளைக்கு 205. அதில் 55 சதவீதம் ஏறக்குறைய 113, 70 சதவீதம் 143. வாட்ச் வேண்டாம், மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணச் சொல்லுங்கள். லேசான பயிற்சியில் 28-க்கு மேலும், மிதமான பயிற்சியில் 35-க்கு மேலும் போகக் கூடாது. வேக நடை, நிற்கும் சைக்கிள் எல்லாம் இதில் அடங்கும். சென்னை வெயிலில் சும்மா நடந்தாலே துடிப்பு ஏறும் என்பதால் காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிலை, தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி. ஓட்டம், திசை மாற்றி ஓடுவது, பந்தைக் காலால் தட்டிக்கொண்டு போவது. பக்கத்தில் யாரும் கூடாது, தலையில் எதுவும் பட வாய்ப்பே இருக்கக் கூடாது. ஹெட்டர் (தலையால் பந்தை முட்டுவது) இல்லை, கீப்பர் டைவ் இல்லை.

இந்த மூன்று நிலைகளிலும் லேசான அறிகுறி மிச்சம் இருந்தால் பயமில்லை. அளக்க ஒரு வழி உண்டு. பயிற்சிக்கு முன்னால் "உன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். 1 என்கிறான். பயிற்சியில் 3 வரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் ஏறினாலோ, நேரம் நீண்டாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி முயல வேண்டும்.

நான்காவது நிலைக்கு முன்னால் ஒரு கேட் இருக்கிறது. எல்லா அறிகுறியும் முழுவதுமாக நீங்கியிருக்க வேண்டும், நன்றாக ஓடிய பிறகும் திரும்பி வரக் கூடாது, முழு நாள் வகுப்பில் சலுகையில்லாமல் உட்கார முடிய வேண்டும், டாக்டர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் தாண்ட விடக் கூடாது.

நான்காவது, மோதல் இல்லாத குழுப் பயிற்சி. பாஸிங், நெட் பிராக்டீஸில் த்ரோ டவுன் (கிட்ட நின்று கையால் எறியும் பந்து), கபடியில் ஆள் தொடாமல் கால் வேலை. ஐந்தாவது, முழுப் பயிற்சி. கபடியில் டாஷ், ஃபுட்பாலில் ஹெட்டர், கிரிக்கெட்டில் வேகப்பந்து. ஆறாவது, போட்டி. நான்கு முதல் ஆறு வரை எந்த இடத்திலாவது தலைவலி திரும்பினால் மூன்றாவது நிலைக்கே இறங்க வேண்டும்.

இதற்கெல்லாம் எத்தனை நாள்? ஒவ்வொருவருக்கும் வேறு. பிள்ளைகள் முழுவதும் தேற நான்கு வாரம் வரைகூட ஆகலாம். பிரிட்டன் 2023-ல் உள்ளூர் விளையாட்டுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், 21 நாளுக்கு முன் யாரும் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது. நம் பள்ளிகளும் இந்த 21 நாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு மைதானத்தில் டாக்டர் இல்லை, தினமும் பரிசோதிக்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எண்ணிவைத்த நாட்கள்தான் பாதுகாப்பு. நான்கு வாரம் தாண்டியும் அறிகுறி இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரே சீசனில் இரண்டாவது கன்கஷன் என்றாலும் அப்படித்தான்.

மறைக்கும் பிள்ளைகள்

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு பையனுக்கு ஃபுட்பால் வெறும் பொழுதுபோக்கு அல்ல. முதலமைச்சர் கோப்பைச் சான்றிதழ், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், பிறகு ஒரு வேலை என்று வீடே அதை நம்பிக்கொண்டிருக்கும். செலக்‌ஷன் அன்று தலைவலி என்று எப்படிச் சொல்வான்? அவனைத் திட்டிப் பயனில்லை. சொன்னால் இடம் போகாது என்று தெரிந்தால் சொல்வான். ஆகவே, "கன்கஷனால் உட்கார்ந்தவன் இடம் அவனுக்காகவே காத்திருக்கும்" என்று அணி முன்னால் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு முறையாவது அப்படியே செய்து காட்டுங்கள். கூட ஆடுகிறவர்களிடமும் பேசுங்கள். யார் ஒரு மாதிரியாக இருக்கிறான் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நண்பனைப் பற்றிச் சொல்வது காட்டிக்கொடுப்பது அல்ல என்பதைக் கேப்டன் வாயால் சொல்ல வையுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஃபுட்பால், பாஸ்கெட்பால் போன்ற ஒரே விளையாட்டில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குக் கன்கஷன் அதிகம் பதிவாகிறது. "பயந்துட்டா, அழுறா" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அழுகையும் ஒரு அறிகுறி என்று மேலே பார்த்தோம்.

தடுக்க முடிந்தவை

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், கன்கஷனை முழுவதும் தடுக்காது. இருந்தாலும் கார்க் பாலில் ஆடும் யாரும், ஷார்ட் லெக்கில் நிற்கிறவரும் சேர்த்து, ஹெல்மெட் இல்லாமல் நிற்கக் கூடாது. ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். அணிக்கு இரண்டே ஹெல்மெட், எல்லாத் தலைக்கும் அதே அளவு என்பது பாதுகாப்பு இல்லை. கபடி தரை கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் நன்றாகக் கொத்தி நீர் தெளித்து மிருதுவாக இருக்கட்டும். கோல் போஸ்ட் தரையில் நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஹெட்டர் பயிற்சியே வேண்டாம். அமெரிக்காவும் இங்கிலாந்தும் சின்ன வயதில் அதை நிறுத்திவிட்டன.

கடைசியாக ஒரு நோட்டு. சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். தேதி, பெயர், வகுப்பு, எப்படி அடிபட்டது, என்ன அறிகுறி, யார் வெளியே எடுத்தது, பெற்றோரிடம் எத்தனை மணிக்குச் சொன்னது, டாக்டர் சீட்டின் நகல், ஆறு நிலைகளிலும் எந்தத் தேதியில் எது. பி.டி. மாஸ்டர் மாறினாலும் நோட்டு பள்ளியிலேயே இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு முறை அடிபட்டவன் பத்தாம் வகுப்பில் மறுபடி அடிபட்டு வரும்போது, டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "இதற்கு முன்னால் இப்படி ஆகியிருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும். பதில் அந்த நோட்டில் தேதியோடு இருக்கட்டும்.